பந்தைத் தொடலாம், கோப்பையைத் தொடக் கூடாதா?

தேநீர் இடைவேளை. மைதானத்தில் இருந்து பதினொரு பேர் திரும்பி வருகிறார்கள். பத்துப் பேர் பெவிலியனுக்குள் போய் நாற்காலிகளில் உட்காருகிறார்கள். அவர்களுக்குப் பீங்கான் கோப்பைகளில் தேநீர் வருகிறது. பதினோராவது ஆள் உள்ளே போகவில்லை. வெளியே நிற்கிறார். அவருக்கும் தேநீர் வருகிறது, ஆனால் மண் குவளையில். குடித்து முடித்ததும் தூக்கி எறிந்துவிடலாம் என்பதுதான் மண் குவளையின் வசதி. முகம் கழுவத் தண்ணீர் வேண்டுமென்றால், அவருடைய சாதியைப் போலவே தீண்டப்படாத சாதியைச் சேர்ந்த ஒரு வேலையாள்தான் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். மதியச் சாப்பாடும் தனி இடத்தில்தான்.

அரை மணி நேரத்துக்கு முன்புவரை அவர் வீசிய பந்தைத்தான் அந்தப் பத்துப் பேரும் பிடித்தார்கள், துடைத்தார்கள், மறுபடியும் அவர் கையிலேயே கொடுத்தார்கள். பந்தில் ஒட்டாத தீட்டு, கோப்பையில் மட்டும் எப்படி ஒட்டும்?

இது நடந்தது 1890-களில், மராட்டிய மண்ணில், புனே நகரத்தில். வெளியே நின்றவர் பெயர் பல்வங்கர் பாலு. இந்தியா உலகுக்குத் தந்த முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளர். இரட்டைக் குவளை என்றால் என்ன என்று இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டீக்கடையில் பார்த்தோம், சலூனில் பார்த்தோம், குழாயடியில் பார்த்தோம். அது கிரிக்கெட் மைதானத்திலும் இருந்தது, அங்கே ஒரு குடும்பம் முப்பது ஆண்டுகள் அதை எதிர்த்து நின்றது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாலு, சிவராம், கண்பத், விட்டல் என்ற அந்த நான்கு சகோதரர்களின் கதை, பம்பாய் இந்து கிரிக்கெட் அணியின் கதையும்தான்.

சாதிக்கு ஒரு கிளப்

இன்று நாம் பார்ப்பது மாநில அணிகள். நூறு ஆண்டுகளுக்கு முன்பு பம்பாய் மாகாணத்தில் கிரிக்கெட் அணிகள் மதத்தின் பெயரால் இருந்தன. இந்தியர்களில் முதலில் மட்டையைப் பிடித்தவர்கள் பார்சிகள். 1848-லேயே அவர்கள் கிளப் தொடங்கிவிட்டார்கள்; 1886-லும் 1888-லும் இங்கிலாந்துக்கே போய் ஆடிவிட்டு வந்தார்கள். பார்சிகளுக்கும் ஐரோப்பியர்களுக்கும் இடையே 1892 முதல் மாகாணப் போட்டி நடந்தது. அவர்களைப் பார்த்து இந்துக்களும் ஆட வந்தார்கள். ஆனால் எப்படி வந்தார்கள்? சாதி சாதியாக வந்தார்கள். பிரபு சாதியினர் 1866-ல் ஒரு கிளப் தொடங்கினார்கள். கௌட சாரஸ்வதர்களுக்கு ஒன்று, சத்திரியர்களுக்கு ஒன்று, மராத்தியருக்கு ஒன்று, குஜராத்திகளுக்கு ஒன்று, தெலுங்கர்களுக்கு ஒன்று என்று பம்பாய் மைதானத்தில் ஊர்க்கட்டுப்பாடு போலவே கிளப்புகள் முளைத்தன.

இவர்களுக்கெல்லாம் பொதுவாக 1894-ல் கடற்கரை ஓரத்தில் பரமானந்ததாஸ் ஜீவன்தாஸ் இந்து ஜிம்கானா உருவானது. அப்போது பம்பாய் கவர்னராக இருந்தவர், இங்கிலாந்து அணியின் முன்னாள் கேப்டன் ஹாரிஸ் பிரபு. முஸ்லிம்களுக்கும் பார்சிகளுக்கும் அதே பகுதியில் தனித்தனி ஜிம்கானாக்கள் இருந்தன. இப்படித்தான் 'இந்து அணி' என்று ஒன்று வந்தது. 1907-ல் ஐரோப்பியர், பார்சி, இந்து என்று முத்தரப்புத் தொடர் தொடங்கியது. 1912-ல் முஸ்லிம் அணி சேர்ந்ததும் அது நான்முனைத் தொடர் ஆனது. இந்தியாவுக்கு டெஸ்ட் அணியே இல்லாத காலத்தில், நாட்டின் மிகப் பெரிய கிரிக்கெட் திருவிழா அதுதான்.

'இந்து' என்ற அந்தப் பெயருக்குள் யார் யார் அடக்கம் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. கேள்வியைக் கேட்க வைத்தது பாலுவின் இடது கை.

மூன்று ரூபாய் சம்பளம்

பாலு 1876-ல் தார்வாடில் பிறந்தவர். குடும்பத்தின் பூர்வீகம் கொங்கண் பகுதியில் பல்வண் என்ற ஊர். பல்வங்கர் என்ற குடும்பப் பெயர் அதிலிருந்து வந்தது. சாதி சமார்; தோல் வேலை செய்தவர்கள் என்பதால் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள். அப்பாவுக்கு ராணுவத்தில் வேலை. புனேயில் ராணுவ அதிகாரிகள் ஆடிவிட்டுத் தூக்கிப் போட்ட மட்டைகளையும் பந்துகளையும் வைத்துப் பாலுவும் தம்பி சிவராமும் விளையாடப் பழகினார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிரிக்கெட் பந்தே தோலால் ஆனது. உள்ளே தக்கையும் நூலும். மேலே பதனிட்ட மாட்டுத்தோல், சிவப்புச் சாயம், கையால் போட்ட தையல். தோலைத் தொட்டால் தீட்டு என்றவர்கள், அந்தத் தோல் பந்தை நாள் முழுக்கக் கையில் வைத்து ஆடினார்கள். தோலை உரித்துப் பதனிட்டவனின் மகன் மட்டும் எட்டி நிற்க வேண்டியவன் ஆனான்.

பாலுவின் முதல் வேலை பார்சிகள் நடத்திய ஒரு கிளப்பில் ஆடுகளத்தைக் கூட்டுவதும் உருளை இழுப்பதும். மாதச் சம்பளம் 3 ரூபாய். எப்போதாவது உறுப்பினர்களுக்குப் பந்து போடச் சொல்வார்கள். 1892 வாக்கில் ஐரோப்பியர்களின் புனே கிளப்பில் சேர்ந்தார். சம்பளம் 4 ரூபாய். வலை கட்டுவது, உருளை இழுப்பது, கோடு போடுவது, அத்தோடு வெள்ளைக்காரர்களுக்குப் பயிற்சிக்குப் பந்து வீசுவது. அந்தக் காலத்தில் இந்தியாவில் இருந்த ஐரோப்பிய மட்டை வீரர்களில் பெயர்பெற்றவர் கேப்டன் கிரெய்க். அவர் மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து பாலுவைப் பந்து வீசச் சொல்லிப் பயிற்சி எடுப்பாராம். தன்னை அவுட் ஆக்கும் ஒவ்வொரு தடவையும் எட்டணா கொடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு. வாரத்துக்கு ஒரு தடவை அவுட் ஆக்கினாலே மாதம் இரண்டு ரூபாய்; பாதிச் சம்பளம் கூடுதலாகக் கிடைத்துவிடும்.

நூற்றுக்கணக்கான மணி நேரம் பந்து வீசிய பாலுவுக்கு அந்த கிளப்பில் ஒரு முறைகூட மட்டையைக் கையில் கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது துரைமார் வேலை. ஓடி வந்து பந்து போடுவது கூலியாள் வேலை. விளையாட்டிலும் வேலைப் பிரிவினை அப்படித்தான் இருந்தது. ஆனால் பாலு அந்தக் கூலி வேலையையே கலையாக்கிக்கொண்டார். இரண்டு பக்கமும் பந்தைத் திருப்புவார், வேகத்தை மாற்றுவார், ஒரே இடத்தில் நாள் முழுவதும் பந்தைக் குத்துவார்.

'லகான்' படம் பார்த்தவர்களுக்குக் கச்ராவை நினைவிருக்கும். தீண்டத்தகாதவன் என்று ஊர் ஒதுக்கிய அவனுக்குக் கை ஊனம். அந்த ஊனத்தால் பந்து தானாகத் திரும்பும். பாலுவுக்கு அப்படித் தானாக எதுவும் வரவில்லை. அவருடைய சுழல், வெயிலில் உழைத்துச் சம்பாதித்தது. ஒடுக்கப்பட்டவனின் திறமையை விபத்தாகக் காட்டுவதற்கும், உழைப்பாகப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

ஐரோப்பியரை வெல்ல வேண்டுமென்றால்...

புனேயில் இந்துக்களுக்கும் ஒரு கிளப் இருந்தது. ஐரோப்பியரை அவர்கள் மண்ணிலேயே வெல்ல வேண்டும் என்பது அவர்களின் ஆசை. அதற்குப் பாலு வேண்டும். ஆனால் அவரைச் சேர்த்தால் தீட்டு. கிளப்புக்குள் விவாதம் நடந்தது. தெலுங்கு உறுப்பினர்கள் சேர்க்கலாம் என்றார்கள்; பிராமணர்களில் ஒரு பகுதியினர் தயங்கினார்கள். பாலுவைச் சேர்க்காவிட்டால் இந்துக்கள் முட்டாள்கள் என்று கிரெய்க்கே சொன்னதாகச் சொல்வார்கள். கடைசியில் ஜெயிக்கும் ஆசை வென்றது. மைதானத்துக்குள் பாலு வந்தார். பெவிலியனுக்குள் வரவில்லை. நாம் தொடக்கத்தில் பார்த்த மண் குவளைக் காட்சி அந்த ஏற்பாட்டின் விளைவு.

சதாரா நகரத்தில் வெள்ளையர் மட்டுமே ஆடும் ஒரு ஜிம்கானாவோடு போட்டி. பாலுவின் சுழலை முடக்குவதற்காக நாட்கணக்கில் உருளை போட்டு ஆடுகளத்தைக் கெட்டிப்படுத்தி வைத்திருந்தார்கள். பாலு ஏழு விக்கெட் எடுத்தார். புனே திரும்பியதும் சமூக சீர்திருத்தவாதி மகாதேவ கோவிந்த ரானடே பொதுக் கூட்டத்தில் அவருக்கு மாலை போட்டார். பாலுவோடு விளையாட முடியும் என்றால் அவரோடு உட்கார்ந்து சாப்பிடவும் குடிக்கவும் முடிய வேண்டும் என்று ரானடே இந்து வீரர்களிடம் சொன்னதாகவும் சொல்லப்படுகிறது.

பிளேக் நோய் புனேயைச் சூறையாடிய காலத்தில் பாலு பம்பாய்க்குப் போனார். முதலில் ராணுவப் பிரிவில் வேலை, பிறகு ரயில்வே வேலை. இந்து ஜிம்கானாவில் அவரைச் சேர்ப்பதற்கு அங்கேயும் எதிர்ப்பு வந்தது. அதை மீறித்தான் சேர்த்தார்கள். தம்பி சிவராமும் பின்னாலேயே வந்தார்.

1906 பிப்ரவரியில் இந்து அணி ஐரோப்பிய அணியோடு மோதியது. இந்துக்கள் எடுத்தது 242, ஐரோப்பியர் 191. இரண்டாவது இன்னிங்ஸில் இந்துக்கள் 160-க்குள் சுருண்டார்கள். ஐரோப்பியர் வெல்ல 212 ரன் வேண்டும். 102 ரன்னில் எல்லாரும் அவுட். 109 ரன் வித்தியாசத்தில் இந்து அணிக்கு வெற்றி. பாலு எடுத்தது முதல் இன்னிங்ஸில் 3, இரண்டாவதில் 5, ஆக 8 விக்கெட். கர்சன் வங்காளத்தைப் பிரித்து, சுதேசி இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆளும் வெள்ளையரைத் தோற்கடித்த செய்தி நாடு முழுக்கப் பரவியது.

'இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்' என்ற ஆங்கிலப் பத்திரிகை அந்த வெற்றியைச் சாதிக்கு எதிரான வெற்றியாகக் கொண்டாடியது. புனேயில் வெளியே நிறுத்தப்பட்டவர்கள், பம்பாயில் மற்ற இந்துக்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் நிலை வந்திருக்கிறது என்று பெருமைப்பட்டது. 1890-ல் சென்னையில் தொடங்கிப் பிறகு பம்பாய்க்குப் போன பத்திரிகை அது. ஆசிரியர் காமாட்சி நடராஜன் தமிழர்.

இங்கிலாந்தில் 114 விக்கெட்

1911-ல் இந்தியா முழுவதிலும் இருந்து தேர்ந்தெடுத்த முதல் அணி இங்கிலாந்துக்குப் போனது. கேப்டன் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். வயது பத்தொன்பதுதான். பெரும்பாலான ஆட்டங்களில் அவர் ஆடவே இல்லை. அணி நிறையத் தோற்றது; 14 முதல்தர ஆட்டங்களில் ஜெயித்தது இரண்டே இரண்டு, லெஸ்டர்ஷயர் அணியையும் சாமர்செட் அணியையும்.

அந்த அணியில் ஒரே ஒருவர் மட்டும் இங்கிலாந்தையே நிமிர்ந்து பார்க்க வைத்தார். பாலுவுக்கு அப்போது 35 வயது. தோளில் வலி. அப்படியும் எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து அவர் எடுத்தது 114 விக்கெட், சராசரி 18.84. முதல்தர ஆட்டங்களில் மட்டும் 75 விக்கெட். இங்கிலாந்தின் புகழ்பெற்ற இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் வில்ஃப்ரெட் ரோட்ஸோடு அவரை ஒப்பிட்டுப் பேசினார்கள். சிவராமும் அந்தப் பயணத்தில் மட்டை வீச்சில் பெயரெடுத்தார்.

ஊர் திரும்பிய பாலுவுக்குப் பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் பாராட்டு விழா எடுத்தார்கள். அந்த விழாவில் வரவேற்பு மடல் தயாரித்து வாசித்தவர் ஒரு கல்லூரி மாணவர் என்றும், அவர் பெயர் பீமராவ் அம்பேத்கர் என்றும் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா எழுதியிருக்கிறார். அம்பேத்கர் வளர்ந்த காலத்தில் அவருக்கு முன்னால் இருந்த, தம் மக்களில் இருந்து எழுந்து நாடறிந்த ஒரு நாயகன் பாலு. மகாத் குளத்துப் போராட்டத்துக்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு, தண்ணீர் மறுக்கப்பட்ட ஒருவருக்கு அம்பேத்கர் எழுதிய வாழ்த்து அது.

பந்து கொடுத்தார்கள், தலைமை கொடுத்தார்களா?

இனி வருவதுதான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி. பாலு, சிவராம் இருவரோடு கண்பத்தும் விட்டலும் இந்து அணிக்குள் வந்தார்கள். ஒரே குடும்பத்தில் நான்கு பேர். கண்பத் இளம் வயதிலேயே இறந்துபோனார். விட்டல் நான்முனைத் தொடரின் சிறந்த மட்டை வீரர்களில் ஒருவராக வளர்ந்தார். அணிக்குப் பல்வங்கர்கள் தேவை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் கேப்டன் பதவி?

அணியில் மூத்தவர் பாலு. அனுபவத்தில் அவருக்கு நிகர் இல்லை. ஆனாலும் ஆண்டுதோறும் தலைமை வேறு கைக்கே போனது. 1913-ல் கேப்டனாக இருந்த எம்.டி.பை ஒரு பாராட்டுக் கூட்டத்தில், இந்தப் பெருமை மூத்தவரான பாலுவுக்குப் போயிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். பை பிராமணர். ஒரு நல்ல மனிதர் மேடையில் சொன்னார். தேர்வுக்குழு கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது.

விக்கெட் எடுத்துத் தருபவனாக ஒருவனை ஏற்றுக்கொள்வது சுலபம். அவன் நமக்கு உழைக்கிறான். கேப்டனாக ஏற்பது அப்படி அல்ல. 'நீ அங்கே நில், நீ இந்தப் பக்கம் வா' என்று அவன் சொல்ல, நாம் நகர வேண்டும். அந்த இடத்தில்தான் சாதி விழித்துக்கொள்ளும். ஊராட்சித் தலைவர் நாற்காலியில் பட்டியலினத்தவர் உட்காரும்போது நம் பகுதியில் சில இடங்களில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

1920-ல் பொறுமை எல்லை மீறியது. பாலுவுக்கு 44 வயது. முதல் ஆட்டத்துக்கான அணியில் அவர் பெயர் இல்லை. கேப்டன் பை உடல்நலம் சரியில்லாமல் ஆட முடியவில்லை. அந்த இடத்துக்கு விட்டல் வந்திருக்க வேண்டும். தேர்வுக்குழு புனேயைச் சேர்ந்த டி.பி.தேவ்தரை கேப்டன் ஆக்கியது. தேவ்தர் நல்ல ஆட்டக்காரர்தான். அவர் பெயரில் பின்னாளில் ஒரு கோப்பையே நடத்தப்பட்டது. ஆனால் அப்போது விட்டலைத் தாண்டி அவரை எடுத்ததற்கு ஒரே காரணம் சாதி என்று பல்வங்கர்கள் நம்பினார்கள். சிவராமும் விட்டலும் ஆட மறுத்து வெளியேறினார்கள். சும்மா வெளியேறவில்லை, காரணத்தை எழுதி அறிக்கையாக வெளியிட்டார்கள். தாங்கள் பிறந்த சாதியின் பெயரால் அவமதிக்கப்படுவதை ஏற்க முடியாது என்பதுதான் அதன் சாரம்.

அதே டிசம்பரில் நாகபுரியில் காங்கிரஸ் மாநாடு. தீண்டாமை ஒழிய வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். ஒரு பக்கம் தீர்மானம், இன்னொரு பக்கம் அணியில் அநீதி. பம்பாய் மக்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். கண்டனம் கிளம்பியது. இறுதி ஆட்டத்துக்கு நிலைமை மாறியது. பை திரும்ப வந்தார். பாலு அணிக்குள் அழைக்கப்பட்டுத் துணைக் கேப்டன் ஆனார். தம்பிகளும் திரும்பினார்கள். பார்சிகளோடு நடந்த அந்த ஆட்டத்தில் பை சிறிது நேரம் மைதானத்தை விட்டு வெளியேறினார். அந்த நேரத்தில் அணியை நடத்தியவர் பாலு. வாழ்நாள் முழுக்க அந்த அணிக்கு உழைத்தவருக்குக் கிடைத்த தலைமை அவ்வளவுதான்.

ஆனால் அறிக்கை வீண்போகவில்லை. அடுத்த இரண்டு தொடர்களிலும் விட்டலைத் தள்ளிவைத்தவர்கள், 1923-ல் வேறு வழியில்லாமல் அவரைக் கேப்டன் ஆக்கினார்கள். அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் ஐரோப்பியரைத் தோற்கடித்து இந்து அணி கோப்பையை வென்றது. விட்டலைத் தோளில் தூக்கிக்கொண்டு கொண்டாடினார்கள். அந்தத் தோள்களில் மேல்சாதித் தோள்களும் இருந்தன. தீண்டாமையை விட்டால் சுயராஜ்ஜியமும் இப்படிக் கைக்கு வரும் என்று பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார்கள். விட்டல் 1926 வரை நான்கு தொடர்களுக்குத் தலைமை தாங்கினார். 1924-ல் மட்டும் முஸ்லிம் அணி வென்றது. மற்ற மூன்று கோப்பைகளும் விட்டலின் அணிக்கே. வாய்ப்பு கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

மண் குவளையில் தேநீர் வாங்கியவரின் தம்பி, வெற்றிக் கோப்பையைக் கையில் வாங்கினார். இடையில் கால் நூற்றாண்டுக்கும் மேல் ஓடியிருந்தது.

ஒரே மைதானம், இரண்டு பாதை

பாலுவின் பிற்கால அரசியலை மறைத்துவிட்டுக் கதையை முடிப்பது நேர்மை ஆகாது. அவர் காந்தியின் பக்கம் சாய்ந்தார். தனித்தொகுதி முறை வேண்டாம், கூட்டுத் தொகுதியே போதும் என்று நம்பினார். நம் சென்னை மாகாணத்தின் எம்.சி.ராஜாவும் அன்று அதே நிலைப்பாட்டில் இருந்தார். 1932 செப்டம்பர் 24-ல் புனே ஒப்பந்தம் கையெழுத்தானபோது அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி.ராஜா ஆகியோரின் கையெழுத்துகளோடு பாலுவின் கையெழுத்தும் இருந்தது. மூன்று ரூபாய்க்கு உருளை இழுத்த அதே புனேயில் அவர் நாட்டின் வரலாற்றில் கையெழுத்துப் போட்டார்.

1935-ல் இந்து மதத்தை விட்டு வெளியேறப்போவதாக அம்பேத்கர் அறிவித்தபோது பாலு எதிர்த்தார். 1937 பம்பாய் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் அம்பேத்கருக்கு எதிராக நிறுத்திய வேட்பாளர் பாலுவே. அம்பேத்கர் பெற்றது 13,245 வாக்குகள். பாலுவுக்கு 11,225. வித்தியாசம் 2,020. ஒரு காலத்தில் வாழ்த்து மடல் எழுதியவரும் அதைப் பெற்றுக்கொண்டவரும் எதிரெதிராக நின்றார்கள். வெல்ல வேண்டியவர் வென்றார் என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் பாலுவைத் துரோகி என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. உள்ளேயே இருந்து போராடினால் கதவு திறக்கும் என்பது அவர் சொந்த வாழ்க்கை அவருக்குச் சொன்ன பாடம். அந்தக் கதவு திறக்க எத்தனை ஆண்டுகள் ஆயின, எவ்வளவு கொஞ்சமாகத் திறந்தது என்பது அம்பேத்கர் படித்த பாடம்.

இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932-ல், லார்ட்ஸ் மைதானத்தில். அப்போது பாலுவுக்கு 56 வயது. டெஸ்ட் வீரர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லாமல் போனது அதனால்தான். 33 முதல்தர ஆட்டங்களில் 179 விக்கெட், சராசரி 15.21 என்ற கணக்கு மட்டும் மிச்சம் இருக்கிறது. 1955 ஜூலை 4-ல் பம்பாயில் காலமானார். விட்டல் 1948-ல் மராத்தியில் தன் விளையாட்டு வாழ்க்கையைப் புத்தகமாக எழுதி வைத்துவிட்டுப் போனார்.

அணி போனது, கேள்வி போகவில்லை

இந்து அணியில் பின்னாளில் பெரிய பெயர்கள் வந்தன. நாட்டின் முதல் டெஸ்ட் கேப்டன் சி.கே.நாயுடு 1916-ல் இந்து அணியில்தான் முதல்தர கிரிக்கெட்டைத் தொடங்கினார். 1926-ல் இங்கிலாந்தில் இருந்து வந்த எம்.சி.சி. அணிக்கு எதிராக இதே அணிக்காக 11 சிக்ஸர்களோடு 153 ரன் விளாசினார். எல்.பி.ஜெய், விஜய் மெர்ச்சன்ட் எல்லாரும் இங்கே ஆடியவர்கள். ஜெய் தலைமையில்தான் பம்பாய் அணி 1934-35-ல் முதல் ரஞ்சிக் கோப்பையை வென்றது. 1937-ல் கிறிஸ்தவர் முதலானோருக்கு 'இதரர்' என்ற ஐந்தாவது அணி வந்தது. மதத்தின் பெயரால் விளையாட்டு நடப்பதை 1940-ல் காந்தி கண்டித்தார். 1946-ல் அந்தத் தொடரே முடிவுக்கு வந்தது. மத அணிகள் போய் மாநில அணிகள் மட்டும் நின்றன. அது நல்லதுதான்.

ஆனால் அதற்குப் பிறகு டெஸ்ட் அணி வரை வந்த தலித் வீரர்களை இன்றும் விரல்விட்டு எண்ணிவிடலாம். வெள்ளை உடை, மட்டை, காலணி, பயிற்சிக் கட்டணம், நகரத்துக் கிளப்பில் ஓர் இடம் என்று கிரிக்கெட்டுக்கு ஆகும் செலவு ஒரு பக்கம். யாரைப் பார்த்ததும் 'இவன் ஆடுவான்' என்று தேர்வுக்குழுவுக்குத் தோன்றுகிறது என்பது இன்னொரு பக்கம்.

நம் பக்கத்துக்கு வருவோம். பம்பாயில் மதத்துக்கு ஓர் அணி இருந்த காலத்தில், சென்னையில் பொங்கல் நாட்களில் இந்தியர் அணிக்கும் ஐரோப்பியர் அணிக்கும் மாகாணப் போட்டி நடந்தது. இன்று பொங்கல் வந்தால் கிராமம்தோறும் போட்டிதான். அறுவடை முடிந்த வயலிலும் வற்றிய ஏரியிலும் டென்னிஸ் பந்து பறக்கிறது. ஊர்த்தெருவுக்கு ஓர் அணி, காலனிக்கு ஓர் அணி என்று இருக்கும் கிராமங்களை இந்த மாவட்டத்தில் தேடி அலைய வேண்டியதில்லை. அரக்கோணத்தைக் களமாக வைத்து 2024-ல் வந்த 'ப்ளூ ஸ்டார்' படம் பேசியதும் இப்படிப்பட்ட இரண்டு அணிகளைப் பற்றித்தான். திரையில் பார்த்துக் கைதட்டினோம். நம் ஏரிக்கரையில் என்ன நடக்கிறது என்று பார்த்தோமா?

பார்ப்பதற்குப் பெரிய ஆய்வு எதுவும் வேண்டாம். பாலுவின் வாழ்க்கையே மூன்று கேள்விகளைத் தந்துவிட்டுப் போயிருக்கிறது. காலனிப் பையன்களின் அணியைப் போட்டியில் சேர்க்கிறார்களா? சேர்த்தால், இடைவேளையில் எல்லாரும் ஒரே குடத்தில் ஒரே டம்ளரில் தண்ணீர் குடிக்கிறார்களா? இரண்டு தெருவும் சேர்ந்து ஊர் அணி என்று வெளியூருக்குப் போகும்போது, நன்றாக ஆடும் காலனிப் பையன் கேப்டன் ஆவானா?

முதல் கேள்விக்குப் பல ஊர்களில் இன்று 'ஆமாம்' என்று பதில் கிடைக்கும். இரண்டாவது கேள்விக்குச் சிலர் சிரித்து மழுப்புவார்கள். மூன்றாவது கேள்விக்கு வரும்போது பேச்சு நின்றுவிடும். 1920-ல் பம்பாயில் நின்ற இடமும் அதே இடம்தான்.

அப்போது பல்வங்கர் சகோதரர்கள் செய்தது ஒன்றுதான். கோபித்துக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. நமக்கு என்ன, ஆடினால் போதும் என்று அடங்கிப் போகவும் இல்லை. ஏன் ஆட மாட்டோம் என்பதை எழுதி, கையெழுத்திட்டு, ஊரறியச் சொன்னார்கள். மூன்று ஆண்டுகளில் கேப்டன் பதவி வந்தது. வந்த பிறகு கோப்பைகளை வென்று காட்டினார்கள்.

வரும் பொங்கலுக்குப் போட்டி நடத்தப்போகும் இளைஞர்கள், பரிசுக் கோப்பைக்கு யார் பெயரை வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், ஒரு யோசனை. பல்வங்கர் பாலு கோப்பை என்று வையுங்கள். பெயரைப் பார்த்து யாராவது, 'யார் தம்பி இந்த ஆளு?' என்று கேட்பார்கள். மண் குவளையில் இருந்து தொடங்கிச் சொல்லுங்கள்.